உப்பளப் படத்தின் பதினோராவது ரீல்

இந்தக் கதையை மாசிலாமணி எட்டு வருடம் நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியும் நம்பவில்லை. நம்பாததை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து வேலை செய்துகொண்டு, மதியச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, உள்ளுக்குள் மட்டும் அந்தக் கதையோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

சொன்னவர் கமருன்னிசா. பழைய படங்களைப் பாதுகாக்கும் அரசாங்கக் காப்பகத்தில் பிலிம் பரிசோதகர். மாசிலாமணி இருபத்தாறு வருடம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்ட பிறகு, ஐம்பத்தோராவது வயதில், காப்பகத்துக்கு ஒப்பந்த வேலையில் வந்து சேர்ந்தார். கமருன்னிசா அவரைவிட ஒரு வயது இளையவர். அவரிடம்தான் வேலை பழக வேண்டும் என்றார்கள்.

முதல் நாளே மாசிலாமணி பிலிமின் நடுவில் விரல் வைத்துத் தூக்கினார். ஸ்கேலால் விரலில் ஓர் அடி விழுந்தது.

“ஓரத்தைப் பிடிங்கண்ணே. முகத்துல கை வைக்காதீங்க.”

“இருபத்தாறு வருஷமா இப்படித்தாங்க பிடிச்சேன்.”

“அதான் தெரியுதே. உங்களை மாதிரி ஆளுங்க பிடிச்ச படமெல்லாம் இங்க வந்து படுத்துக் கிடக்கு.”

அன்றிலிருந்து மாசிலாமணி அவரைக் கிண்டலாக ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் கிண்டல் உதிர்ந்துபோயிற்று. டீச்சர் மட்டும் நின்றது. வாசல் காவலாளிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. “குருவம்மா அப்பவே வந்தாச்சு. நரைச்ச சிஷ்யப்பிள்ளையத்தான் காணோம்” என்பார்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் கமருன்னிசாவுக்குக் கிடையாது. ஒருமுறை மாசிலாமணி கேட்டார்:

“ஒரு படத்தை எத்தனை வருஷத்துக்குக் காப்பாத்தலாம் டீச்சர்?”

அவர் ஒரு பழைய பிலிம் டப்பாவைத் திறந்து மாசிலாமணியின் மூக்கருகே நீட்டினார். கெட்டுப்போன காடியின் நெடி குப்பென்று ஏறியது.

“எவ்வளவு புளிக்குது?”

“கண்ணெல்லாம் எரியுது.”

“மூடுங்க சீக்கிரம். பக்கத்து டப்பாவுக்கும் தொத்திக்கும்.”

அவ்வளவுதான் பதில்.

மாசிலாமணி வேலைக்கு வந்த முதல் வருட மழைக்காலத்தில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒரே படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். புது இயந்திரங்கள் வரப்போகின்றன, அறை போதாது.

மாசிலாமணியின் மேசைக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் இரண்டு பிரதிகள் வந்தன. ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்று, முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை மழை பெய்த மாதிரி கோடு. அடிக்கு ஓர் ஒட்டு. அவர் யோசிக்கவே இல்லை. கழிவுச் சீட்டை எழுதி, கையெழுத்துக்காக கமருன்னிசாவின் முன்னால் வைத்தார்.

“எதைக் கழிக்கிறீங்க?”

“இதுல கேக்க என்ன இருக்கு டீச்சர்? ஒண்ணு புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. இன்னொண்ணு நனைஞ்ச கோழி.”

கமருன்னிசா பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

“இந்தப் புதுப்பொண்ணு எப்படி இன்னும் புதுசாவே இருக்கா?”

“நல்லா வெச்சிருந்திருப்பாங்க.”

“உக்காருங்கண்ணே” என்றார் கமருன்னிசா.

அவர் சொன்னது இது.

கமருன்னிசாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கும் இதே மாதிரி ஓர் உத்தரவு. பழங்காலத்து பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் ஒரு படத்துக்கு ஒரு பிரதி போதும்.

உப்பளத்தில் நடக்கும் கதை ஒன்று. எல்லாரும் அதை உப்பளப் படம் என்றுதான் சொல்வார்கள். அதற்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றை ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஊர் ஊராக ஓடிய பிரதி. இருநூறு ஒட்டுக்கு மேல். இன்னொன்று, காப்பகம் தொடங்கிய காலத்தில் படத் தயாரிப்பாளரின் அலுவலகத்திலிருந்து முறைப்படி வந்தது. அதில் ஒரு விரல் ரேகை கிடையாது.

“மூணு நாள் ரெண்டையும் மேசையில வெச்சு ஒவ்வொரு கட்டமாப் பார்த்தேன். ரெண்டுலயும் அதே படம், அதே நீளம். சுத்தமானதை வெச்சுக்கிட்டேன். ஓடினதை வெட்டினேன்.”

“வெட்டினீங்களா?”

“பிலிம்ல இருக்கிற வெள்ளியைப் பிரிச்சு எடுக்கிறவங்க வாங்கிட்டுப் போவாங்க. யாரும் எடுத்துத் திரும்ப ஓட்டிடக் கூடாதுன்னு, குடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரீலையும் குறுக்கால வெட்டணும். அது விதி. பதினாலு ரீலையும் நானேதான் வெட்டினேன். மணிக்கட்டு வீங்கிப்போச்சு. ஆனா வேலையைச் சரியா முடிச்ச திருப்தி இருந்துச்சு.”

“சரியாத்தானே செஞ்சிருக்கீங்க?”

“மேசையில கையால சுத்திப் பார்த்தேன்ணே. கையால சுத்தினா படம் தெரியும். சத்தம் கேக்குமா?”

பேசும் படத்தில் ஒலி என்பது பிலிமின் ஓரத்தில் ஓடும் மெல்லிய வரிகள்தான். அதை இயந்திரம் படிக்கும். எவ்வளவு தேர்ந்த கண்ணானாலும் அதற்கு எல்லாக் கோடும் ஒன்றுதான்.

இரண்டு வருடம் கழித்துத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சந்தனமாரி என்கிற அம்மாள் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. உப்பளத்தில் வேலை பார்த்து வெடித்த பாதங்கள். கையில் அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த கடிதம்.

அவருடைய அம்மா உலகம்மாளும் உப்பளத் தொழிலாளி. படம் எடுக்க வந்தவர்கள் அவர் உப்பு வாரும்போது பாடியதைக் கேட்டு, அந்த இடத்திலேயே நிறுத்திப் பாட வைத்திருக்கிறார்கள். இரவல் குரல் கிடையாது. அவர் பாடப் பாடவே பதிவு செய்தது. அடுத்த வருடம் காலரா வந்தது. சந்தனமாரிக்கு அப்போது இரண்டு வயது.

“மொகத்தைப் பத்தி ஒண்ணுமில்ல தாயி” என்றாராம் சந்தனமாரி. “கண்ணாடியப் பாத்தா எங்கம்மதான்னு ஊர்ல சொல்லுதாக. கொரலுதான் தெரியாது. ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருதேன்.”

பாட்டு இருந்தது பதினோராவது ரீலில். கமருன்னிசா காப்பகத்தின் சிறிய அரங்கில் அவரை உட்கார வைத்துவிட்டு, மாடியறைக்குப் போய் இயந்திரத்தை ஓட்டினார்.

திரையில் முதலில் கங்காணி வந்தான். வேலைக்காரர்களைப் பார்த்து வாயைத் திறந்து கத்தினான். அவன் வாயிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ‘சுவாமி, பூஜைக்கு நேரமாகிறது’ என்றது.

“புரிஞ்சுபோச்சு” என்றார் கமருன்னிசா. “அந்த ஒரு ரீல்ல வேற ஏதோ அரண்மனைப் படத்தோட சத்தத்தைப் பதிச்சுட்டாங்க. பிரதி எடுத்த இடத்துல நடந்த தப்பு. ஓட்ட லாயக்கில்லாத பிரதி. அதனால எந்தத் தியேட்டருக்கும் போகலை. அதனாலதான் ஒரு கீறல் இல்லை. தூக்கிப் போடறதுக்கு மனசில்லாம வெச்சிருந்தவங்க, அரசாங்கம் கேட்டதும் அதைக் குடுத்துட்டாங்க. காப்பகத்துல யார் ஓட்டிக் கேக்கப் போறாங்கன்னு நினைச்சிருப்பாங்க. அவங்க நினைச்சது சரிதானே? நான் கேக்கலையே.”

“மத்த ரீல்?”

“அப்புறம் எல்லாத்தையும் போட்டுக் கேட்டேன். பதிமூணும் சரியா இருந்துச்சு. அது ஒண்ணுதான்.”

“உடனே நிறுத்தியிருக்கணும் டீச்சர்.”

“ம்.”

“நிறுத்தலையா?”

“கை போகலை.”

உப்பளத்துப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியில் நின்றவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு முகத்தை நிமிர்த்திப் பாடினாள். சந்தனமாரியின் முகம்தான். வாயிலிருந்து வந்தது வீணையோடு சேர்ந்த ஓர் அரண்மனைப் பாட்டு. நன்றாகப் பயிற்சி பெற்ற, மெழுகு பூசிய மாதிரி ஒரு குரல். மூன்று நிமிடம். பாட்டு முடிந்ததும் கமருன்னிசா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்ல கொரலு” என்றார்.

“இன்னொரு தடவை போடவாம்மா?”

“வேண்டாம் தாயி. போதும்.”

எழுந்து வந்து கமருன்னிசாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஒரு கோடு விழாம வெச்சிருக்கீக. நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

“நீங்க சொல்லவே இல்லையா?”

“இல்லை.”

“கடுதாசியாவது போட்டிருக்கலாமே?”

“என்னன்னு எழுதறது? எழுதறதுக்கு உக்காருவேன். தேதி போடுவேன். அதோட எழுந்திருச்சிடுவேன்.” கமருன்னிசா பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு அம்மாவோட குரலை வெட்டிப் போட்டேன். அதுக்குப் பதிலா யாரோ ஒருத்தி குரலைக் குடுத்து அனுப்பினேன். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுண்ணே. இந்த ரெண்டுல எதுக்கு முதல்ல மன்னிப்புக் கேக்கணும்னு இன்னும் தெரியலை.”

பிறகு கழிவுச் சீட்டை மாசிலாமணியின் பக்கமாகத் தள்ளினார்.

“இப்ப சொல்லுங்க. எதைக் கழிக்கலாம்?”

மாசிலாமணி சீட்டைக் கிழித்துப் போட்டார். மதிய இடைவேளையில் மட்டும்தான் அரங்கு காலியாக இருக்கும். ஒன்பது நாள், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, இரண்டு பிரதிகளையும் ஒவ்வொரு ரீலாக ஓட்டிக் கேட்டார். இரண்டிலும் ஒலி சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. புதுப்பொண்ணு புதுப்பொண்ணாகவே இருந்தாள்.

ஒன்பதாம் நாள் பசியோடு படியிறங்கி வரும்போது அவருக்குக் கோபம் வந்தது. அப்போதுதான் அந்தச் சந்தேகம் முதன்முதலாகத் தலைகாட்டியது.

அவர் ஆபரேட்டர். படமும் ஒலியும் ஒரு சாண் பிலிம் அளவு விலகினால் என்ன நடக்கும் என்று அவரைவிட அறிந்தவர் யார்? பெஞ்சு டிக்கெட்டில் விசில் பறக்கும். “யோவ் ஆபரேட்டரு, தூங்குறியா?” என்று கத்துவார்கள். அவர்கள் யாரும் படித்தவர்கள் இல்லை. உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் போனால் மூன்று விநாடியில் எவருக்கும் தெரிந்துவிடும். இங்கே கங்காணிக்குப் பெண் குரல். உப்பளத்தில் வீணை. கைக்குழந்தைகூடச் சிரிக்கும். குரலைக் கேட்பதற்கென்றே அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்த பெண்ணுக்கு மட்டும் தெரியாதா?

தெரியாமல் இருக்க முடியாது. ஆகவே அப்படி ஒன்று நடக்கவில்லை. நான் அவசரப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக டீச்சர் ஜோடித்த கதை. நல்ல காரணத்துக்காகச் சொன்ன கதை. அப்படி முடிவு கட்டினார்.

முடிவு கட்டிய விஷயத்தை எதற்கு மாதாமாதம் திரும்ப முடிவு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஒருநாள் கமருன்னிசா விடுப்பில் இருந்தபோது பதிவேட்டில் உப்பளப் படத்தைத் தேடினார். பதினோராவது ரீல் புளித்து, ஒட்டிக்கொண்டு, பிரிக்க முடியாமல்போய்ப் பல வருடங்களுக்கு முன்பே அகற்றப்பட்டதாக எழுதியிருந்தது. நல்ல வசதி என்று நினைத்தார். நினைத்ததற்காக அன்று முழுவதும் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. மறுநாள் கமருன்னிசா வீட்டிலிருந்து கொண்டுவந்த சேமியாவை முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

எப்போதாவது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்ப்பார்.

“அந்தம்மா எந்த வரிசையில உக்காந்திருந்தாங்க டீச்சர்?”

“மூணாவது.”

இரண்டு வருடம் கழித்துக் கேட்டாலும் மூன்றாவதுதான். பொய்க் கதை சொல்லச் சொல்ல வளரும். இந்தக் கதை ஒரு சொல் வளரவில்லை. அதுவும் அவரைத் தொந்தரவு செய்தது.

எட்டாவது வருடம் மாசிலாமணிக்கு உடம்பு சரியில்லாமல் போய், ரத்தப் பரிசோதனைக்குப் போனார். ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கு நரம்பு பிடிபடவில்லை. மூன்று தடவை குத்தினார். மூன்றாவது தடவை நர்ஸம்மாவின் முகம் செத்துப்போயிற்று. “மன்னிச்சுக்கங்க சார்” என்று மெதுவாகச் சொன்னார். “வலிக்கவே இல்லம்மா. நல்லாத்தான் போடுறீங்க” என்றார் மாசிலாமணி. கை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பாதி தூரம் வந்த பிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் கமருன்னிசா ஓய்வுபெற்றார். மாலை, சந்தனம், மிக்சர், காபி எல்லாம் ஆயிற்று. அதிகாரி ஒருவர் அவருடைய பெயரைத் தப்பாகச் சொல்லிப் பாராட்டினார். எல்லாரும் கலைந்த பிறகு கமருன்னிசா மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பருத்தித் துணியை எடுத்து வழக்கம்போல் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். மாசிலாமணி மறுமுனையைத் துடைத்தார்.

“என்னண்ணே, ஒரு வாரமா என்னைப் பார்க்கிறீங்க, வாயைத் திறக்கிறீங்க, மூடிக்கிறீங்க. சத்தம் வராத படம் மாதிரி.”

“நான் உங்களை நம்பலை டீச்சர். அந்த உப்பளத்துக் கதையை.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நம்பினவங்க எந்த வரிசைன்னு கேப்பாங்களா?”

மாசிலாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. கமருன்னிசா சிரித்தார்.

“விடுங்க. சொன்னதும் நம்பறவரா இருந்தா வேலை பழகியிருக்க மாட்டீங்க. இப்ப எதுக்கு அது?”

“இப்ப நம்புறேன்.”

“போற நாள்ல குடுக்கிற பரிசா?”

“இல்லை டீச்சர்.” அவர் துணியை மடித்தார், பிரித்தார். “மூணு விநாடி போதும். அது எங்க தொழில்ல கண்ட உண்மை. உதடும் குரலும் சேரலைன்னா எவனுக்கும் தெரியும்.”

“அவங்க சினிமாவே பார்க்காதவங்கண்ணே. அழுதுக்கிட்டு வேற இருந்தாங்க. கண்ணுல தண்ணி நின்னா உதடு தெரியுமா?”

முப்பத்துமூன்று வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பதில் என்பது அது வந்த வேகத்திலேயே தெரிந்தது. மாசிலாமணி மறுக்கவில்லை.

“ஓட்டி முடிச்சிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தீங்களே, அப்ப உங்களுக்கு வயசு என்ன?”

“இருபத்தஞ்சு.”

“முகம் எப்படி இருந்துச்சு?”

கமருன்னிசா யோசித்தார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி போலிருந்தது.

“அழுதிருந்தேன்” என்றார். “கை நடுங்கிச்சு. ஓட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணி குடுத்திருந்தேன், அந்தக் கிளாஸை அவங்க கையிலிருந்து வாங்கக்கூட முடியலை. அவங்களே கீழ வெச்சாங்க.”

சொல்லி முடித்ததும் மேசைமேல் அவருடைய துணி நின்றுவிட்டது.

மாசிலாமணி கேட்டார்:

“டீச்சர், அந்தம்மா தெரிஞ்சேதான் ‘நல்ல கொரலு’ன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்களோ?”